மூணாவது வரி

ஒட்டுவாரொட்டி இல்ல தம்பி, பயப்படாம உக்காருங்க. கையைப் பாத்துட்டு நீங்க கொஞ்சம் தள்ளி உக்காந்ததைக் கவனிச்சேன். தப்பில்ல, யாரா இருந்தாலும் அப்படித்தான் செய்வாங்க. இது வெண்குஷ்டமும் இல்ல, படையும் இல்ல. ஆசிட். பாத்ரூம் கழுவுற ஆசிட் இருக்குல்ல, அதுல இருபத்தாறு வருஷம் புழங்குன கை. தோலு வெந்து வெந்து வெளுத்துப்போச்சு. இப்ப வலிக்காது. சூடு குளிர்கூட அவ்வளவாத் தெரியாது. டீக்கடையில கொதிக்கிற கிளாஸை வெறுங்கையில வாங்குவேன், கடைக்காரர்தான் பதறுவாரு.

நான் ஈரோடு போறேன், மக வீட்டுக்கு. நீங்க கரூர்லயா இறங்குறீங்க? சரி, அதுவரைக்கும் பேச்சுத்துணைக்கு ஆளாச்சு. என் பேரு சூசைமாணிக்கம். வேலை என்னன்னு கேளுங்க. நீங்க கேக்கலைன்னாலும் நான் சொல்லத்தான் போறேன்.

திருச்சியில ஒரு கல்லறைத் தோட்டம். குழி வெட்டுறது வேற ஆளு. நான் கல்லு கழுவுறவன். நீங்க எந்த வேதமோ எனக்குத் தெரியாது, அதனால சொல்லிடுறேன். நவம்பர் ரெண்டாந்தேதி எங்களுக்குக் கல்லறைத் திருநாள். செத்தவங்களைப் பாக்கக் குடும்பம் குடும்பமா வருவாங்க. பூ வைப்பாங்க, மெழுகுவத்தி கொளுத்துவாங்க, சாமியார் ஒவ்வொரு கல்லறையா வந்து மந்திரிப்பாரு. அன்னைக்குக் கல்லு வெள்ளையா இருக்கணும். ஆனா அது எந்த மாசம்? ஐப்பசி. அடைமழை. மழை நாள்ல கல்லை வெள்ளையா வச்சிருக்கிறதுதான் என் பொழப்பு.

மழை விழுந்த மறுவாரமே பச்சை வரும். அது பாசி. விட்டுட்டா கறுப்பாகும், தீஞ்ச சட்டி அடி மாதிரி. அதையும் விட்டா வட்ட வட்டமா, சாம்பல் நிறத்துல, தேமல் மாதிரி பிடிக்கும். அது பிரியாணிக்குப் போடுறோமே கல்பாசி, அதோட பங்காளியாம். இது மிருதுளா மேடம் சொன்னது. அந்த மேடத்தைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். இருங்க, முதல்ல கல்லை முடிச்சிடுறேன்.

பளிங்குக் கல்லுல ஆசிட்டை ஊத்துனா சுர்ருனு நுரைக்கும். நுரை வந்தா அழுக்கு கிளம்புதுன்னு அர்த்தம். நான் மட்டுமா அப்படி நினைச்சேன்? கல்லுக்காரக் குடும்பமே சுத்தி நின்னு பாக்கும். நுரை பொங்கப் பொங்க அவங்க மூஞ்சி மலரும். அப்புறம் கம்பி பிரஷ். எழுத்துக்குள்ள மட்டும் பல்லு தேய்க்கிற பிரஷ். ரெண்டு குடம் தண்ணி ஊத்துனா கல்லு புது வேட்டி மாதிரி ஆயிடும். "சூசை கை பட்டா செத்தவன் எந்திரிச்சு வந்து கண்ணாடி பாப்பான்"னு உபதேசியார் கேலி பண்ணுவாரு. பாக்கியநாதர்னு ஒருத்தர், கோயில்ல ஜெபம் சொல்லிக்குடுக்கிறவரு. நல்ல மனுஷன், இப்ப அவரும் அங்கதான் படுத்திருக்காரு.

வேலையில எனக்கு ஒரே ஒரு சட்டம் தம்பி. எழுத்தைப் படிக்கக்கூடாது. எட்டாவது வரைக்கும் படிச்சவன்தான், படிக்கத் தெரியாம இல்ல. வந்த புதுசுல ஒரு சின்னக் கல்லு. மூணு வயசுக் குழந்தை. கழுவிக்கிட்டே படிச்சுட்டேன். என்ன எழுதியிருந்துச்சுன்னு கேக்காதீங்க. அன்னைக்குப் பூரா கை ஓடல. குடத்தைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்துட்டேன். சாயங்காலம் சொன்ன கல்லெல்லாம் அப்படியே கிடக்கு, ஏச்சு வாங்குனேன். அன்னைக்கு முடிவு பண்ணுனதுதான். எழுத்து இருக்கா, அதுக்குள்ள பாசி இருக்கா, அவ்வளவுதான் என் கண்ணுக்கு. பழகிட்டா முடியும் தம்பி. நீங்களே பாருங்க, எவ்வளவு நேரமா முன் சீட்டுல ஏதோ எழுதியிருக்கு, நீங்களும் படிக்கலையே.

போன வருஷம் புரட்டாசியில அந்த மேடம் வந்தாங்க. தோட்டத்துல ஒரு பழைய பகுதி இருக்கு, ரயில்வேயில இருந்த வெள்ளைக்காரங்க கல்லு. நூறு வருஷத்துக்கு மேல ஆனது. அதைக் காப்பாத்தணும்னு சில பேரு சேந்து மெட்ராஸ்லேருந்து இந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. பழைய கல்லுக்கு வைத்தியம் பாக்குற படிப்பாம். முப்பது வயசு இருக்கும். வந்ததும் என் ஆசிட் கேனைத்தான் பாத்துச்சு. உடைஞ்ச பளிங்குச் சில்லு ஒண்ணை எடுத்து, பையிலேருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து ரெண்டு சொட்டுப் புழிஞ்சுச்சு. சுத்தமான சில்லு அது, பாசியே கிடையாது. அதுவும் நுரைச்சுது.

"அழுக்கு நுரைக்கலைங்கய்யா. கல்லுதான் கரையுது"ன்னுச்சு.

பளிங்கும் சுண்ணாம்பும் ஒரு வயித்துப் பிள்ளைங்களாம். புளிப்பு பட்டாக் கரையுமாம். கரைஞ்ச இடம் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு ஆயிடுமாம். அந்தச் சொரசொரப்புல தண்ணி நிக்கும், தூசி நிக்கும், பாசி குடும்பத்தோட வந்து குடியேறும். அதனாலதான் முதல்ல வருஷத்துக்கு ஒரு தடவை கழுவுன கல்லை இப்ப மாசத்துக்கு ஒரு தடவை கழுவுறீங்கன்னுச்சு. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. மழை கூடிப்போச்சு, புகை கூடிப்போச்சுன்னுதான் நான் நினைச்சிருந்தேன்.

இருபத்தாறு வருஷத்தை ஒரு எலுமிச்சம்பழத்துல முடிச்சுட்டாங்க தம்பி. எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். எனக்கு மட்டும் அது தெரியாமப் போச்சாம். எங்க கோயில் நிர்வாகம் பாக்குற பங்குப் பேரவையில பேசி, இனிமே ஆசிட் கூடாது, கம்பி பிரஷ் கூடாது, மேடம் சொல்ற மாதிரிதான் செய்யணும்னு தீர்மானம் போட்டாங்க. என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கல. அந்த மனக்குறை எனக்கு இருக்கு. இல்லைன்னு சொன்னாப் பொய்.

மேடம் வைத்தியம் என்ன தெரியுமா? முதல்ல வெறும் தண்ணி. மெத்துன்னு ஒரு பிரஷ். பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தேய்க்கணும். தடிச்சிருக்கிற இடத்துல மூங்கில் சிம்பால மெதுவா நெம்பணும். அப்புறம் ஒரு மருந்து. அதை அடிச்சுட்டுக் கழுவக்கூடாது, அப்படியே விட்டுடணும். ஒரு நாள் மழை படக்கூடாது. மேல நிழல் கட்டுற கொப்பு இருந்தா வெட்டி விடணும், வெயில் விழணும். அவ்வளவுதான். மிச்சத்தை மழையும் வெயிலும் பாத்துக்குமாம். எத்தனை நாள்ல வெள்ளையாகும்னு கேட்டேன். ரெண்டு மூணு மாசம் ஆகும்னுச்சு.

எப்படி இருக்கு கதை? நவம்பர் ரெண்டு வந்து கதவைத் தட்டுது, இவங்க தை மாசத்துக்குக் கணக்குச் சொல்றாங்க. அது மட்டுமில்ல, மருந்து பட்ட பாசி சாகும்போது முதல்ல செங்காவி நிறமாகும். கல்லறைத் திருநாளுக்கு வந்த சனம் கல்லைப் பாத்துட்டு என்னை ஏசுன ஏச்சு கொஞ்சமில்ல. எங்க அம்மா கல்லுக்குச் சிரங்கு பிடிச்ச மாதிரி வச்சிருக்கியேன்னு ஒருத்தர் சட்டையைப் பிடிக்க வந்துட்டாரு. மேடம் நடுவுல வந்து நின்னு அவர்கிட்ட அரை மணி நேரம் விளக்கம் சொல்லுச்சு. அவருக்குப் புரிஞ்சுதோ என்னவோ, போயிட்டாரு.

நானும் சொன்ன மாதிரி மருந்து அடிச்சேன். ஒரே ஒரு கல்லைத் தவிர. அது என் வீட்டுக்காரி கல்லு. பிரகாசின்னு பேரு. தெற்குச் சுவர் ஓரத்துல, மரத்தடியில இருக்கு. அந்தப் பக்கம் மேடம் வரல, அதனால அதுக்கு மட்டும் மாசாமாசம் பழைய முறைதான். ஊரு கல்லு சிரங்கு பிடிச்சுக் கிடக்கட்டும், அவ கல்லு கிடக்கக்கூடாது. ஒன்பது வருஷமா ஒரு மாசம் தவறுனதில்ல தம்பி. காய்ச்சல்ல கிடந்தப்பகூடப் போயித் தேய்ச்சுட்டு வந்து படுத்தேன்.

இது எந்த ஊரு, குளித்தலையா? இன்னும் நேரம் இருக்கு.

அவ போனது அக்டோபர் முப்பது. மஞ்சக்காமாலை முத்திப்போயி பெரியாஸ்பத்திரியில கிடந்தா. மக ஜெனோவா கூட இருந்துச்சு. அதுதான் எங்களுக்கு ஒரே பிள்ளை. நான் காலையில போயிப் பாத்தேன், கஞ்சி குடிச்சா. சாயங்காலம் வாங்கன்னா. அந்த வாரம் எனக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், திருநாளுக்கு மூணு நாளு, ஒரே நாள்ல பதினோரு கல்லு சொல்லியிருக்கேன். ஆசிட் தெறிக்கும்னு சட்டையைக் கழட்டி மரத்துல மாட்டியிருந்தேன். போன் சட்டைப் பையில இருந்துச்சு. மக மூணு தடவை அடிச்சிருக்கு. எனக்குக் கேக்கல. நாலு மணிக்குச் சட்டை போடும்போதுதான் பாத்தேன். அவ பன்னண்டரைக்கே போயிட்டா.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மக வெளி பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. என்னை நிமிந்து பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு.

"முடிச்சிட்டீங்களாப்பா?"

"ரெண்டு கல்லு பாக்கி இருக்கும்மா."

கேட்டுச்சு, சொன்னேன். பொய்யா சொல்ல முடியும்? அடக்கம் முடிஞ்ச மறுநாள் போயி அந்த ரெண்டு கல்லையும் முடிச்சுக் குடுத்தேன். வாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல. அந்தக் குடும்பங்க என்ன பாவம் பண்ணுச்சு? ஆனா அன்னையிலேருந்து மக எங்கிட்டச் சரியாப் பேசல. என்ன கோவம்னு வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும். எனக்கும் கேக்கத் தோணல.

முப்பதாம் நாள் பூசைக்குக் கல்லு வச்சோம். எல்லாம் மகதான் பாத்துச்சு. அதுவே கடைக்குப் போயி, வெள்ளைப் பளிங்கு எடுத்து, எழுதக் குடுத்து, வண்டியில ஏத்திக் கொண்டாந்துச்சு. நான் சிமெண்டு மட்டம் பாத்தேன். மட்டம் சரியா இருந்துச்சு. மேல சிலுவை, அப்புறம் பேரு, அப்புறம் தேதி, அதுக்குக் கீழ ஒரு வரி. வழக்கமா வேதவசனம்தான் போடுவாங்க. நான் படிக்கல. ஊரான் கல்லையே படிக்காதவன், அவ கல்லைப் படிச்சுட்டு நாளைக்கு அந்தப் பக்கம் எப்படி வேலைக்குப் போறது? மக என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. பாலிஷ் நல்லா இருக்கும்மான்னு சொன்னேன்.

அடுத்த வருஷம் கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு தடவை கல்லறைத் திருநாளுக்கு வந்துச்சு. வந்தாலும் அதே மாதிரிதான். கல்லைப் பாக்காது, என் மூஞ்சியைப் பாக்கும். கல்லு பளபளன்னு இருக்கும், அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மூணாவது வருஷத்துலேருந்து வரல. கிறிஸ்மஸுக்கு ஒரு போன், ஈஸ்டருக்கு ஒரு போன். சாப்பிட்டீங்களாப்பாங்கும், சாப்பிட்டேன்ம்பேன். உடம்பு எப்படிங்கும், இருக்கும்மாம்பேன். அவ்வளவுதான். உபதேசியார்கூட ஒருநாள், உன் மக நல்ல வார்த்தை எழுதியிருக்குடா சூசை, குடுத்து வச்சவன்னாரு. ஏதோ வசனத்தைச் சொல்றாருன்னு நினைச்சு ஆமான்னேன்.

தை பொறந்துச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க, மருந்து அடிச்ச கல்லுங்க எல்லாம் தானா வெளுத்துருச்சு. பாசி காஞ்சு பொருக்குப் பொருக்கா உதுந்து கிடக்கு. தொட்டுப் பாத்தேன், இன்னும் வழவழன்னு இருக்கு. சட்டை பிடிக்க வந்தவரு வந்து பாத்துட்டு, பரவாயில்லையேன்னாரு. மேடத்துமேல இருந்த கோவம் கொஞ்சம் இறங்குச்சு எனக்கு. முழுசா இல்ல, கொஞ்சம்.

அப்பத்தான் மேடம் தோட்டம் முழுக்க ஒவ்வொரு கல்லுலயும் என்ன எழுதியிருக்குன்னு பட்டியல் எடுத்துக்கிட்டு தெற்குப் பக்கம் வந்துச்சு. பிரகாசி கல்லு முன்னாடி நின்னுச்சு. இது யாரு கல்லுங்கய்யான்னு கேட்டுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமைதான். என் வீட்டுக்காரி கல்லும்மா, இந்தத் தோட்டத்துலயே வெள்ளைக் கல்லு இதுதான்னேன். மேடம் பையிலேருந்து ஒரு கண்ணாடியை எடுத்து, வெயிலைப் பிடிச்சு, பக்கவாட்டுல கல்லு மேல அடிச்சுச்சு. அப்படிச் சாய்ச்சு அடிச்சா மங்கிப்போன எழுத்தும் நிழல் கட்டித் தெரியுமாம். சிலுவை தெரிஞ்சுது. பேருல பாதி தெரிஞ்சுது. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. மாவு பிசைஞ்சு தட்டி வச்ச மாதிரி இருந்துச்சு.

"இங்க என்ன எழுதியிருந்துச்சுங்கய்யா?"

பேரைச் சொன்னேன், தேதியைச் சொன்னேன். மூணாவது வரின்னு கேட்டுச்சு. மூணாவது வரியில ஆறு புள்ளி இருக்கும்மான்னேன். ஆமா தம்பி, மெய்யெழுத்துக்கு மேல வைக்கிற புள்ளி. குழியா வெட்டியிருப்பாங்கள்ல, பாசி முதல்ல அதுக்குள்ளதான் உக்காரும். முன்னெல்லாம் ஆறு குழியையும் ஒவ்வொண்ணா நோண்டி எடுப்பேன். எங்க சுழி இருக்கும், எங்க கொம்பு இருக்கும், எந்த இடத்துல பிரஷ் மாட்டும், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். மேடம் பொறுமையாக் கேட்டுச்சு. சரிங்கய்யா, வார்த்தை என்னன்னுச்சு. வார்த்தை தெரியாதும்மான்னேன்.

அந்தப் பொண்ணு என்னைத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். திட்டல. இந்தக் கல்லுல இனிமே வெட்டக்கூடாது, தாங்காது, கால்மாட்டுல சின்னதா ஒரு கருங்கல் பலகை வச்சு அதுல பழைய எழுத்தை அப்படியே எழுதிடலாம், என்ன இருந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்கன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. நான் யாரைக் கேப்பேன்? உபதேசியார் போயிட்டாரு. கல்லு எழுதுன கடை இருந்த இடத்துல இப்ப செல்போன் விக்கிறாங்க. சுத்தி வளைச்சுப் பாத்தா மகளைத் தவிர வேற நாதி இல்ல.

எட்டு நாளு தாளைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். நேத்துதான் போன் பண்ணுனேன். கிறிஸ்மஸும் இல்லாம ஈஸ்டரும் இல்லாம நான் பண்ணவும் அது பயந்துபோயி, உடம்புக்கு என்னப்பான்னுச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா, அம்மா கல்லுல மூணாவது வரி என்னன்னு கேக்கலாம்னுதான்னேன். லைன் போயிடுச்சோன்னு போனைத் தட்டிப் பாத்தேன்.

"ஏன், அழிஞ்சிருச்சாப்பா?"

"ஆமாம்மா. நான்தான், தேய்ச்சுத் தேய்ச்சு."

"நீங்க அதைப் படிச்சதே இல்லையா?"

"இல்லம்மா."

அப்புறம் சொல்லுச்சு. பள்ளிக்கூடத்துல பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையா, மெதுவா.

"அம்மா, அப்பாமேல் எனக்கு வருத்தமில்லை. அதுதான்பா எழுதச் சொன்னேன். வசனம் போடலாமேன்னு கடைக்காரர்கூடச் சொன்னாரு. உங்ககிட்ட நேராச் சொல்ல வரல எனக்கு. நீங்க தினம் பாக்குற இடமாச்சேன்னு அங்க எழுதுனேன். படிச்சிட்டுத்தான் ஒண்ணும் பேசாம இருக்கீங்கன்னு நினைச்சேன். இத்தனை வருஷமும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? புதுசா ஆறு கல்லுக்கு மருந்து அடிச்சிருக்கேம்மா, இன்னைக்கு மழை வராம இருக்கணும்னேன். மாசி மாசத்துல மழை எங்கேருந்து வரும்? எதுக்கு அதைச் சொன்னேன்னு எனக்கே தெரியல. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். இங்கயும் மழை இல்லப்பான்னுச்சு. சரிம்மான்னேன். வச்சுட்டோம்.

ராத்திரி படுத்துக்கிட்டு அழுகை வரும்னு பாத்தேன். வரல. பசியும் இல்ல, தூக்கமும் இல்ல, நெஞ்சுல பாரமும் இல்ல. மரத்துப்போன மாதிரி கிடந்தேன். காலையில மேடத்துக்குப் போன் போட்டு வார்த்தை கிடைச்சிருச்சும்மான்னு சொன்னேன். படிச்சுக் காட்டச் சொல்லுச்சு, சொன்னேன். நல்ல வரிங்கய்யா, அப்படியே வெட்டச் சொல்லிடவான்னு கேட்டுச்சு.

வேணாம்மா, ரெண்டு நாளு பொறுங்கன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

நீங்க பையை எடுத்துக்கங்க, கரூர் பஸ்ஸ்டாண்டு வந்துருச்சு. ஏன் வேணாம்னேன்னு கேக்குறீங்களா? அது ஒன்பது வருஷத்துக்கு முந்தி எழுதுனது தம்பி. அப்ப மகளுக்கு எம்மேல வருத்தம் இல்ல. அதுக்கப்புறம் நான் ஒன்பது வருஷம் பேசாம இருந்திருக்கேன். இப்பவும் அந்த வரியைப் போடலாமான்னு அதுகிட்டக் கேட்டுத்தானே போடணும்.